படிக்கட்டில் அரைமணி நேரம்

"மெக்கானிக்" என்று கூப்பிட்டால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். சொந்தப் பெயரைச் சொன்னால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தன்பாட்டில் நடந்துகொண்டிருப்பார். இருபத்துநான்கு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். நகரத்தின் உயரமான கட்டடங்களில் பாதிக்கு மேல் அவருக்கு உள்ளும் புறமும் அத்துப்படி. ஆனால் அவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நான்காவது மாடி, எழுபத்திரண்டு படி. "ஊரையெல்லாம் மேலே தூக்கிவிடற மனுஷன், கட்டினவளை மட்டும் ஏறவிட்டு வேடிக்கை பார்க்கிறார்" என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அரைப்பவள். முன்பக்கம் வாடிக்கையாளர் பிடித்த ஃப்ரேமைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால், அதற்குள் உட்காரும்படி லென்ஸின் விளிம்பைத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. அரைக்கும் இயந்திரத்தின் இரைச்சலையும் மீறிப் பேசிப் பேசியே குரல் உரத்துப்போனவள். வாய் ஓயாது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள் அன்றைய கதை தொடங்கிவிடும். எந்தப் பெரியவர் நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவைத்துக்கொண்டே கடை முழுக்கக் கண்ணாடியைத் தேடினார், எந்தப் பெண் கண்ணில் ஒரு கோளாறும் இல்லாமல் அழகுக்காக வந்து நின்றாள் என்று ஒன்றையும் விடமாட்டாள். மெக்கானிக்குக்குப் பேச்சு அவ்வளவாக வராது. "ம்" கொட்டுவார். அந்த ஒரு "ம்"மை வைத்துக்கொண்டே அவள் இரண்டு பேர் பேச்சையும் பேசி முடித்துவிடுவாள்.

முப்பத்தேழாவது வயதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் அனலாய்க் கொதித்தது. பத்தாம் நாள் கண் விழித்தபோது காய்ச்சல் போயிருந்தது, காதும் போயிருந்தது. நரம்பே பட்டுப்போய்விட்டது, கருவி வைத்தும் பயனில்லை என்று மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அவள் அதைப் படித்துவிட்டு, "உங்க கையெழுத்தையாவது குணப்படுத்த முடியுமா?" என்று கேட்டாளாம். அந்த அறையில் யாருக்கும் சிரிக்கத் தெரியவில்லை.

அதுதான் அவள் கடைசியாகச் செய்த கேலி என்று ஒரு வருஷம் வரைக்கும் மெக்கானிக் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு வருஷம் வீட்டில் இழவு விழுந்தது போலிருந்தது. பேசினால் குரல் எவ்வளவு உயர்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு நாள் பஸ்ஸில் அவரிடம் ஏதோ சொல்ல, முன் இருக்கை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அன்றோடு வெளியிடத்தில் வாயைத் திறப்பதை விட்டாள். கொஞ்ச நாளில் வீட்டிலும் குறைந்துவிட்டது. அவர் சொல்வது எதுவும் புரியாமல் இரண்டு முறை, மூன்று முறை கேட்பாள். அவர் அலுத்துப்போய், "ஒண்ணுமில்ல, விடு" என்று கையை ஆட்டுவார்.

அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகள்தான் இரண்டு பேரையும் நல்ல செல்போனாக வாங்கவைத்து, ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பப் பழக்கினாள். ஒரே சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் எழுதிக்கொள்வார்கள். பார்க்கிறவர்களுக்கு, முகத்தைப் பார்த்துப் பேசக்கூட நேரமில்லாத புருஷன் பெண்டாட்டி போலிருக்கும். உண்மையில் அவள் மறுபடியும் பேச ஆரம்பித்திருந்தாள். கடைக்கதை, பக்கத்து வீட்டுக் கதை, அவர் சட்டையின் கிரீஸ் கறையைப் பற்றிய புகார், எல்லாம் கொட்டியது. அவர் பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் ஒரு செயலியையும் மகள் போட்டுக்கொடுத்தாள். அவர் "கதவைச் சாத்து" என்றால் அது "கழுதையைச் சாத்து" என்று காட்டும். அவள் எழுந்துபோய் அவர் முதுகில் ஒன்று வைத்துவிட்டு வருவாள். காது கேளாதவர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்த ஒரு குழுவும் அவளுக்குக் கிடைத்தது. அதிலும் இவள்தான் வாயாடி.

இப்படி எட்டு வருஷம் ஓடியது. மகளுக்குக் கல்யாணமாகி வெளியூருக்குப் போனாள். போகும்போது, "அம்மா ஆன்லைன்ல இருந்தா வீட்டுல இருக்கிற மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மெக்கானிக்கின் செல்போனில் மனைவி மட்டும் இருக்கவில்லை. கம்பெனியும் அதற்குள்தான் இருந்தது. முன்பெல்லாம் லிஃப்ட் நின்றுபோனால் யாராவது ஆபீசுக்குப் போன் செய்வார்கள், ஆபீஸ் அவருக்குச் சொல்லும். பிறகு செயலி வந்தது. நூற்று நாற்பது லிஃப்ட்டும் தாமே அவரைக் கூப்பிட்டன. செல்போன் ஒரு மாதிரி மணியடிக்கும், அதோடு தொடையில் அதிரும். திரையில் முகவரி வரும், அதன் கீழே சில சமயம் "உள்ளே ஆள்" என்று சிவப்பில் வரும். இரண்டு நிமிஷத்துக்குள் "ஏற்கிறேன்" என்பதை அழுத்த வேண்டும். தவறினால் புள்ளி குறையும், மேற்பார்வையாளர் கடித்துக் குதறுவார். சாப்பிடும்போது, குளிக்கும்போது, பிணத்துக்கு மாலை போட நிற்கும்போது என்று அது பார்த்ததில்லை. மனைவியின் செய்தி வந்தாலும் அதே தொடைதான் அதிரும். அவர் பதறிப்போய் எடுத்துப் பார்ப்பார். "வரும்போது எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வாங்க, இல்லாட்டி என் மூஞ்சியைப் பிழிஞ்சுதான் ஜூஸ்" என்று இருக்கும். சிரிக்கத் தோன்றாது. "சரி" என்று அனுப்புவார்.

நாளடைவில் குக்கர் விசிலில், சைக்கிள் மணியில், ஸ்பூன் தட்டில் படும் ஓசையில் எல்லாம் அவருக்கு அந்த மணி கேட்க ஆரம்பித்தது. செல்போன் மேஜையில் இருக்கும்போதே தொடை அதிர்வது போலிருக்கும்.

ஐம்பத்தொன்றாவது வயதில் ஒரு நாள், பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறினார். ஏறியதும் முதல் வேலையாக அங்கிருக்கும் நிறுத்து விசையைத் திருப்ப வேண்டும். கத்துக்குட்டிக்கும் தெரிந்த பாடம். அவர் காலை வைத்தார், பின்னால் கதவு மூடிக்கொண்டது, தொடை அதிர்ந்தது. விசையைவிட்டுச் செல்போனை எடுத்தார். அந்த நேரத்தில் யாரோ பத்தாம் மாடியில் பொத்தானை அழுத்த, பெட்டி அவரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. செல்போனைப் பார்க்கச் சாய்ந்திருந்த தலை ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெட்டி ஏற ஏற அதற்கு ஈடாக மறுபுறம் இறங்கும் எதிர் எடை மேலேயிருந்து வந்துகொண்டிருந்தது. அரை டன் இரும்பு. எது தன்னைப் பின்னால் இழுத்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. காதோரமாகக் காற்று உரசிக்கொண்டு போனது மட்டும் தெரியும். பெட்டி நின்ற பிறகு பார்த்தால், கட்டைவிரல் "ஏற்கிறேன்" என்பதை அழுத்தியிருந்தது. "நன்றி, ஐந்து புள்ளிகள் சேர்க்கப்பட்டன" என்றது திரை.

அன்று வீட்டுக்கு வந்தவர் பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தார். மணி அடித்தால் கை சில்லிட்டுப் போயிற்று, சோற்றைப் பிசைய முடியவில்லை. மருத்துவர் மாத்திரை கொடுத்தார். அதோடு, இந்த ஓட்டத்தை விடுங்கள், செல்போனைத் தூக்கி ஓரமாக வையுங்கள், கொஞ்சம் நிதானமாக வாழ்ந்து பாருங்கள் என்றார். இருபத்துநான்கு வருஷத்தில் அவரிடம் யாரும் சொல்லாத சொல் அது. தாகத்துக்குத் தண்ணீர் கிடைத்த மாதிரி அதைப் பிடித்துக்கொண்டார்.

வேலையைத் தலைமுழுகினார். பழைய ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளைக் கட்டிலோடு ஏற்றி இறக்கும் பெரிய லிஃப்ட்டை ஓட்டுகிற வேலை கிடைத்தது. ஒரு ஸ்டூல், ஒரு கைப்பிடி, ஆறு மாடி. உள்ளே வருகிறவர்கள் மாடி எண்ணைச் சொல்வார்கள், அவர் கொண்டுபோய் விடுவார். அவ்வளவுதான். செல்போன் தேவையில்லை. வீட்டிலிருந்த அவர் செல்போன் அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. தொலைக்காட்சியை யாருக்கோ கொடுத்தார். சுவரில் முள் வைத்த கடிகாரம் ஒன்றை மாட்டினார். காலையில் காகிதச் செய்தித்தாள் வரும்படி செய்தார். சாயங்காலம் பொழுது போக ஒரு ரேடியோ வாங்கினார்.

மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கை நடுங்கி, சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாமல் அவர் நின்றதைப் பார்த்தவள் அவள்தான். தான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்குள் செல்போன் வெளிச்சமே கூடாது என்று அவர் கேட்டபோது, தன்னுடையதையும் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். "நேருக்கு நேர் பேசலாம், மெதுவா, உதட்டைப் பார்த்தாலே உனக்குப் புரிஞ்சுடும்" என்று அவர் உதட்டை அகல அகலத் திறந்து சொன்னார். முதல் சில நாள் அவள் முயன்றாள். உதட்டில் "பாட்டு"க்கும் "மாட்டு"க்கும் வித்தியாசம் கிடையாது. போதாக்குறைக்கு மெக்கானிக்குக்கு மேலுதட்டை மூடிய மீசை. மீசையை எடுத்தால் என்ன என்று அவள் கேட்டாள். பத்தொன்பது வயதிலிருந்து வளர்த்த மீசை, அதை எடுத்தால் தோலுரித்த கிழங்கு மாதிரி இருப்பேன் என்று அவர் சிரித்துத் தட்டிக்கழித்தார்.

சமையலறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். முதல் வாரம் அவள் பக்கம் பக்கமாக எழுதினாள். அவர் ஸ்பானர் பிடித்துப் பழகிய கை, ஒரு வரி எழுதக் கால்மணி நேரம் ஆகும். அவள் எதிரே நின்று எழுத்தைத் தலைகீழாகப் படித்துக்கொண்டே காத்திருப்பாள். பாதியில் அவருக்கே அலுத்துவிடும். பேனாவை மூடிவைத்துவிட்டு, "ஒண்ணுமில்ல" என்பார். அந்தச் சொல்லை மட்டும் எந்த மீசைக்குள்ளிருந்து வந்தாலும் அவளுக்குப் படிக்கத் தெரியும். மூன்றாம் மாதம் நோட்டில் "எண்ணெய் தீர்ந்தது", "கேஸ் சொல்லியாச்சு", "கொஞ்சம் தலைவலி" என்கிற அளவுக்கு வந்து நின்றது.

மெக்கானிக்குக்கு இது எதுவும் உறைக்கவில்லை என்பதுதான் வருத்தம். அவருக்குத் தூக்கம் வந்தது, பசித்தது, கை நடுக்கம் நின்றது. சாயங்காலம் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, ரேடியோவைத் திருப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. எதிரே அவள் உட்கார்ந்து மடிக்க வேண்டிய துணியை மடித்துக்கொண்டிருப்பாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடிப்பாள். தொலைக்காட்சி இருந்தபோது கீழே ஓடும் எழுத்தைப் படித்தாவது அவளுக்குப் பொழுது போயிருந்தது. வீடு எவ்வளவு அமைதியாகிவிட்டது பார் என்று ஒரு நாள் அவர் நோட்டில் எழுதிக் காட்டினார். அவள் பேனாவை வாங்கி, அடியில் "ஆமாம்" என்று எழுதினாள்.

எட்டு மாதம் ஆன பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் மின்சார வேலை நடந்ததால் மெக்கானிக் சீக்கிரம் வீட்டுக்குத் திரும்பினார். மூன்றாம் மாடியில் குடியிருந்த டீச்சர் எதிரே இறங்கி வந்தாள். அவரை நிறுத்தி, உங்கள் வீட்டுப் பூட்டில் ஏதும் கோளாறா, எங்கள் வீட்டுக்காரர் சரிசெய்து கொடுப்பார் என்றாள். அவருக்குப் புரியவில்லை. உங்கள் வீட்டம்மா தினமும் வேலையிலிருந்து வந்து அரைமணி நேரம் படியிலேயே உட்கார்ந்திருக்கிறார்களே, அதனால் கேட்டேன் என்றாள் டீச்சர்.

அவர் ஏறிப்போனார். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே, படி திரும்பும் இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். கைப்பை மடியில், செல்போன் இரண்டு கையிலும். கட்டைவிரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் வரும் சத்தம் அவளுக்குக் கேட்காது. ஐந்தாறு படி கீழே கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். அவள் எதையோ அனுப்பினாள், பதில் வந்தது, படித்தாள், பிறகு தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி எழுத ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று மெக்கானிக் யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. அப்படியே சத்தமில்லாமல் திரும்பி இறங்கினார். சத்தமிட்டிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது, அது கீழே வந்த பிறகுதான் அவருக்குத் தோன்றியது.

தெருமுனை வரை போய் நின்றுவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அந்தச் சிரிப்பின் சுவடுகூட இல்லை. துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது.

அவர் நோட்டை எடுத்து வந்து, படிக்கட்டில் பார்த்தேன் என்று எழுதினார். அவள் படித்தாள். பேனாவை வாங்கப்போகிறாள் என்று அவர் நீட்டினார். அவள் வாங்கவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு வாயைத் திறந்து பேசினாள். குரல் தடித்து, ஏறி இறங்கி, சுவரில் மோதியது.

"கடையில பின்னறையை மூடப்போறாங்க. தெரியுமா உங்களுக்கு? அடுத்த மாசம். லென்ஸ் எல்லாத்தையும் மெஷினே பண்ற இடத்துக்கு அனுப்பிடறாங்களாம். ஒரு மாசமா எனக்குத் தெரியும். பொண்ணுக்குத் தெரியும். குரூப்ல எல்லாருக்கும் தெரியும்."

"எனக்கு ஏன் சொல்லல?" என்றார் அவர். அவள் அவர் உதட்டைப் படித்துவிட்டாள்.

"எதுல சொல்றது? அந்தக் கயித்துல தொங்கற நோட்டுலயா? எண்ணெய் தீர்ந்ததுக்குக் கீழேயா?"

அவர் தலை குனிந்தார். அவள் அவர் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். உதடு தெரிய வேண்டுமே.

"உங்களுக்கு அமைதி வேணும். சரி, உடம்புக்காக வேணும், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா எனக்கு அது ஏற்கெனவே நிறைய இருக்குங்க. ஒன்பது வருஷமா வீடு நிறைய இருக்கு. அதுல இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து கொட்டிட்டு, எவ்வளவு நல்லாயிருக்கு பாருன்னு எழுதிக் காட்டறீங்க."

அவள் அழவில்லை. எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மறுநாள் மெக்கானிக் அலமாரியின் மேல்தட்டிலிருந்து செல்போனை இறக்கினார். கம்பெனிச் செயலி இல்லை, மணி இல்லை, அதிர்வும் இல்லாமல் செய்துவிட்டார். மனைவிக்கு மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டார். சோபாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "கடையில் இன்று என்ன நடந்தது" என்று எழுதி அனுப்பினார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. கட்டைவிரல் பறந்தது.

ஆனால் உடம்பு கேட்கவில்லை. சத்தம் இல்லாததால் செய்தி வந்திருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், மூச்சுக்கு மூச்சு எடுத்துப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட்டை நிறுத்திவிட்டுச் செல்போனைப் பார்த்தார். இரண்டாம் நாள் கை சில்லிட்டது. மூன்றாம் நாள் ஒரு நோயாளியை ஆறாம் மாடிக்குப் பதில் நான்காம் மாடியில் இறக்கிவிட்டு, நர்ஸிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார். வீட்டில் அவள் செல்போனை மட்டும் மேஜையில் வைத்து, அவர் பேசுவதை அது எழுத்தாக்கட்டும் என்றும் செய்து பார்த்தார்கள். அவள் குழுவிலிருந்து யாராவது எதையாவது அனுப்ப, திரை பளிச்சென்று ஒளிரும். அவர் பாம்பைக் கண்டவர் போலப் பின்னால் போவார். பேச்சு பாதியில் அறுந்துவிடும். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்பதை அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

நான்காம் நாள் அவர் கையிலிருந்து செல்போனை அவளே வாங்கினாள். நாற்காலியைப் போட்டு ஏறி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். "வேணாங்க" என்றாள். "உங்களை இப்படிப் பார்த்துக்கிட்டு என்னால பேச முடியல." கோபத்தோடு சொல்லியிருந்தால் அவருக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

பின்னறையை மூடிய வாரத்தில் அவள் மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். இரண்டு வாரம் என்று பேச்சு. இரண்டு வாரம் ஒரு மாதமாயிற்று. மகள் இருக்கும் ஊரில் ஒரு பெரிய மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் ஆள் எடுத்தார்கள், காது கேளாதவர்கள் நான்கைந்து பேர் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். அவளும் சேர்ந்துகொண்டாள். மகள் ஆஸ்பத்திரியின் அலுவலக போனுக்குக் கூப்பிட்டாள். லிஃப்ட்டை ஒரு வார்டு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு மெக்கானிக் ஓடினார். மகள் சுற்றிவளைத்துப் பேசினாள். அப்பா மாத்திரை சாப்பிடுகிறாரா, சமைத்துச் சாப்பிடுகிறாரா என்றெல்லாம் கேட்டாள். கடைசியில் விஷயத்துக்கு வந்தாள்.

"அம்மா இங்கேயே இருக்கட்டும்பா. நீங்களும் வாங்க, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா இங்க நாங்க எல்லாரும் நாள் முழுக்க போன்லதான் பேசிக்கிறோம். உங்களால இருக்க முடியுமா?"

அவர் "ம்" என்றார். அது எதற்குப் பதில் என்று மகளும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் நாற்காலி போட்டுச் செல்போனை இறக்கி, சார்ஜ் போட்டு, மனைவி அனுப்பிய செய்திகளை முதலிலிருந்து படிக்க உட்கார்ந்தார். பழையவற்றைப் படிக்கும்போது கை அவ்வளவாக நடுங்கவில்லை, புதிதாக ஒன்றும் வராது என்று தெரிந்ததால் இருக்கலாம். தினம் கொஞ்சமாக மூன்று வாரம் படித்தார். எட்டு வருஷப் பேச்சு. காலையில் அவர் குறட்டையைப் பற்றி ஒரு நீண்ட வர்ணனை இருந்தது. குறட்டை கேட்காது, கட்டில் அதிர்வதை வைத்து எழுதியிருந்தாள். மழையில் குடையில்லாமல் வந்த நாள் இருந்தது. காது போன பிறகு முதல்முறையாகத் தனியாகப் பஸ் ஏறிப்போய் வந்ததைப் பதினொரு செய்தியாக எழுதியிருந்தாள், இறங்கும் இடத்தைத் தவறவிட்டுத் திரும்பி நடந்தது, பயந்தது, பயத்தை வெளியே காட்டாமல் ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தின்றது எல்லாம். எல்லாவற்றுக்கும் அடியில் அவர் "சரி" என்று எழுதியிருந்தார். சில இடத்தில் வெறும் கட்டைவிரல். சில இடத்தில் அதுகூட இல்லை. செல்போன் தன் பேச்சைத் தின்றுவிட்டது என்று இத்தனை நாளாக அவர் நினைத்திருந்தார். பார்த்தால், தின்பதற்கு அவரிடம் ஒன்றும் இருந்திருக்கவில்லை.

மறு வாரம் மீசையை எடுத்துவிட்டு மகள் ஊருக்குப் பஸ் ஏறினார். கதவைத் திறந்த மனைவி அவரை அடையாளம் தெரியாமல் ஒரு கணம் நின்றாள். பிறகு கை தானாக அவர் மேலுதட்டுக்குப் போனது. அந்த வெளுத்த தோலை விரலால் ஒரு முறை தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டாள். அவர் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, "வீட்டுக்கு வர்றியா?" என்று கேட்டார். அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. உள்ளே போய் அவருக்குத் தட்டு வைத்தாள்.

ஒரு நாள் அங்கே இருந்தார். மகளும் மருமகனும் மனைவியும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு செல்போனில் எழுதியும் ஜாடை காட்டியும் ஒரே சிரிப்பாகச் சாப்பிட்டார்கள். வேலையிடத்தில் கற்றுக்கொண்ட சைகை மொழியில் அவள் கை காற்றில் ஓடியது. மருமகன் அவருக்காக அவ்வப்போது நிறுத்தி, அத்தை என்ன சொன்னார்கள் என்று விளக்கினான். விளக்கி முடிப்பதற்குள் அவர்கள் அடுத்த சிரிப்புக்குப் போயிருந்தார்கள். மெக்கானிக் தானும் சிரித்துவைத்தார். விருந்தாளியாக வந்த இடத்தில் அப்படித்தானே செய்ய வேண்டியிருக்கிறது.

மறுநாள் மனைவி பஸ் நிலையம் வரை வந்தாள். ஒரு தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட் பொட்டலமும் வாங்கிக் கையில் கொடுத்தாள். மாத்திரையை விடாதீங்க என்றாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பஸ் கிளம்புவதற்கு முன்பே போய்விட்டாள். சண்டை இல்லை, பிரிவு என்று யாரும் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால், வேலை அங்கே கிடைத்துவிட்டது, அதனால் இருக்கிறாள் என்று இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்.

மெக்கானிக் இப்போதும் அந்த லிஃப்ட்டைத்தான் ஓட்டுகிறார். உடம்புக்குக் குறையில்லை. கை நடுக்கம் இல்லை, நல்ல தூக்கம் வருகிறது. போன மாதப் பரிசோதனையில் இரத்த அழுத்தம் முப்பது வயதுக்காரனைப் போல இருக்கிறது என்று மருத்துவர் பாராட்டினார். ஆஸ்பத்திரியில் இளம் மருத்துவர்கள் சிலர், செல்போனே இல்லாமல் எப்படி இருக்கிறீர்கள், எங்களுக்கும் கற்றுக்கொடுங்களேன் என்று ஆசையாகக் கேட்கிறார்கள். அவர் மாடி எண்ணைக் கேட்டுவிட்டுக் கைப்பிடியைத் திருப்புகிறார்.

வாரத்துக்கு ஒரு கடிதம் என்று முடிவு செய்து ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஜைமுன் உட்கார்கிறார். அவளுக்குக் கதை எழுத வேண்டும், அவள் அவருக்கு எழுதியது போல. லிஃப்ட்டில் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று வாரம் முழுக்கக் கவனித்துவைக்கப் பார்க்கிறார். கட்டிலில் படுத்து வருகிறவர்கள் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். கூட வருகிறவர்கள் எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். யாரும் எதுவும் பேசுவதில்லை. "நலம். நீ நலமா. இங்கே மழை இல்லை" என்று மூன்று வரி எழுதுகிறார். நான்காவது வரிக்காகப் பேனாவைத் தாளின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மை ஊறிப் புள்ளி பெரிதாகிறது. மத்தியானம் ஆனதும் தாளை மடித்து உறையில் போட்டு, எழுபத்திரண்டு படியும் இறங்கித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறார்.